பாலைவனத்தில் வழி தவறினால்... உயிரைக் காப்பது கையில் இருக்கும் போனா, வீட்டில் இருப்பவரா?

2024 ஆகஸ்ட். சவுதி அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனத்தில் ஒரு வண்டி நின்றுபோனது. அதில் இரண்டு பேர். ஒருவர் தெலங்கானாவின் கரீம்நகரைச் சேர்ந்த 27 வயது இளைஞர், இன்னொருவர் சூடானைச் சேர்ந்த அவரது சக ஊழியர். வேலை விஷயமாகப் போன இடத்தில் ஜிபிஎஸ் கைகொடுக்கவில்லை. வழி தவறியது. பெட்ரோல் தீர்ந்தது. போனில் சார்ஜும் தீர்ந்தது. நான்கு நாட்கள் கழித்து, வண்டிக்குப் பக்கத்திலேயே, தொழுகை விரிப்புகளின் மேல் இருவரின் உடல்களும் கிடைத்ததாகச் செய்திகள் வெளியாகின. அந்த இளைஞர் செய்துவந்தது செல்போன் டவர் பராமரிப்பு வேலை.

இந்தச் செய்தியை எங்கோ நடந்தது என்று கடந்துபோக முடியாது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு, குளிர்காலம் வந்துவிட்டாலே வார இறுதியில் மணல்மேட்டுக்கு வண்டி எடுப்பது வழக்கமான பொழுதுபோக்கு. அமெரிக்காவில் ஐடி வேலையில் இருப்பவர்கள் லாஸ் வேகாஸ் போனால், இரண்டு மணி நேர டிரைவில் டெத் வேலியையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். இங்கிருந்து ஜெய்சல்மேருக்கு பைக்கில் போகிறவர்களும் உண்டு. எல்லோர் மனதிலும் ஓடுவது ஒரே நினைப்பு: "போன் இருக்கே, பார்த்துக்கலாம்."

அந்த நினைப்பு எங்கே உடைகிறது? பாலைவனத்தில் மாட்டிக்கொண்டவர்களில் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் இறக்கிறார்கள். வித்தியாசம் எதில் இருக்கிறது?

முதலில், அந்த இடங்கள் எவ்வளவு பெரியவை?

ரப் அல் காலியின் பரப்பளவு சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. சவுதி, ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் என நான்கு நாடுகளில் விரிந்து கிடக்கிறது. பெயருக்குப் பொருள் 'காலியான கால் பகுதி'. ஆமாம், நாம் தினமும் சொல்லும் 'காலி'யும் அதே அரபுச் சொல்தான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் டெத் வேலி அளவில் மிகச் சிறியது. ஆனாலும் அந்தத் தேசியப் பூங்கா 13,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதன் மிகத் தாழ்வான இடமான பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் க்ரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலக சாதனை. 2024 ஜூலை அங்கே பதிவான மாதங்களிலேயே மிக வெப்பமான மாதம். பகல், இரவு எல்லாம் சேர்த்து எடுத்த சராசரியே 42.5 டிகிரி.

டெத் வேலியை இங்கே அதிகம் பேசுவதற்குக் காரணம் உண்டு. அங்கு நடக்கும் விபத்துகளையும் மரணங்களையும் பூங்கா நிர்வாகம் விவரமாக வெளியிடுகிறது. அதனால் ஒரு சம்பவத்தில் தவறு எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் பார்க்க முடிகிறது.

என்ன நடக்கிறது? நான்கு சம்பவங்கள்

1996 ஜூலை: ஜெர்மனியிலிருந்து சுற்றுலா வந்த இரண்டு பெரியவர்களும் இரண்டு சிறுவர்களும் வாடகை வேனில் டெத் வேலிக்குள் போனார்கள். திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், வேறு வேலையாக ஹெலிகாப்டரில் பறந்த ரேஞ்சர் ஒருவரின் கண்ணில் அந்த வேன் பட்டது. டயர்கள் கிழிந்து, ஒரு வறண்ட ஓடைப் பள்ளத்தில் நின்றிருந்தது. மனித எலும்புகள் கிடைத்தது 2009இல்தான். தேடிக் கண்டுபிடித்தவர்களின் ஊகம் இது: வரைபடத்தில் தெற்கே ஒரு ராணுவத் தளத்தின் எல்லை தெரிகிறது. எல்லை என்றால் வேலி இருக்கும், காவலர் இருப்பார் என்று நம்பி அவர்கள் அந்தப் பக்கம் நடந்திருக்கலாம். உண்மையில் அந்த எல்லையில் வெறும் பாலைவனம்தான் இருக்கிறது.

2009 ஆகஸ்ட்: ஒரு தாய், 6 வயது மகனுடன் ஜிபிஎஸ் காட்டிய பாதையில் போனார். ஜீப்பின் சக்கரம் மண்ணில் புதைந்தது. ஐந்து நாட்கள் கழித்து ரேஞ்சர் வந்து சேர்ந்தபோது தாய் உயிரோடு இருந்தார். மகன் இறந்திருந்தான்.

2021 ஏப்ரல்: ஒரு இளம் ஜோடியின் காரில் இரண்டு டயர்கள் போயின. கோடைகூட இல்லை, கையில் தண்ணீரும் இருந்தது. எந்தப் பக்கம் போகிறோம் என்று காரில் சீட்டு எழுதி வைத்துவிட்டு நடந்தார்கள். செங்குத்தான பாறைச் சரிவில் இருந்து மீட்கப்பட்டபோது ஒருவர் உயிருடன் இல்லை. சாலைக்குக் குறுக்கு வழி என்று நினைக்கும் பள்ளத்தாக்கில் நடுவே பத்து மாடி உயரப் பாறை வெட்டு இருந்தாலும், வரைபடத்தில் அது ஒரு மெல்லிய கோடுதான்.

2022 ஜூன்: ஒரு பயணியின் கார், எல்லோரும் போட்டோ எடுக்கும் பிரபலமான இடமான ஸப்ரிஸ்கி பாயின்ட் பார்க்கிங்கிலேயே நின்றிருந்தது. பெட்ரோல் தீர்ந்து நடந்திருக்கிறார் எனத் தெரிகிறது. உடல் கிடைத்தது காரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி. நெடுஞ்சாலையிலிருந்து வெறும் 30 அடி தூரம். மண்மேடும் ஒரு மரமும் மறைத்ததால், சாலையில் போன யார் கண்ணுக்கும் தெரியவில்லை. காரை ரேஞ்சர் முதலில் பார்த்ததற்கும் உடல் கிடைத்ததற்கும் இடையே இரண்டு வாரம் ஓடியிருந்தது.

ஜிபிஎஸ் ஏன் கைவிடுகிறது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சிக்னல் போனால் ஜிபிஎஸும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ் சிப் நேரடியாகச் சாட்டிலைட்டிடமிருந்து தகவல் வாங்குகிறது. டவர் தேவையில்லை. ஏரோபிளேன் மோடில் போட்டாலும் இப்போதைய போன்களில் அது வேலை செய்யும்.

போய்விடுவது மேப். இன்டர்நெட் இல்லாவிட்டால் திரையில் வெறும் வெள்ளைத் தாளும், நடுவே ஒரு நீலப் புள்ளியும்தான் மிஞ்சும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று போனுக்குத் தெரியும், சுற்றி என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆஃப்லைன் மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்திருந்தால் இந்தப் பாதி தீரும்.

மறுபாதி இன்னும் மோசமானது. மேப்பில் இருக்கும் பாதை நிலத்தில் இல்லாமல் இருக்கலாம். 50 வருடத்துக்கு முன் சுரங்கத்துக்குப் போன மண் பாதை, வெள்ளத்தில் அடித்துப்போன ஓடைக்கரை, ஜீப் மட்டுமே போகக்கூடிய கல் பாதை என எல்லாம் மேப்பில் 'ரோடு'தான். 'குறைந்த தூரம்' என்று போன் தேர்ந்தெடுப்பது அதையாகவும் இருக்கலாம். இப்படி நடக்கும் மரணங்களுக்கு டெத் வேலி ரேஞ்சர்கள் 'ஜிபிஎஸ் மரணம்' என்றே பெயர் வைத்தார்கள். இல்லாத சாலைகளை நீக்கச் சொல்லி மேப் நிறுவனங்களோடு பூங்கா நிர்வாகம் பேச வேண்டியிருந்தது.

போனுக்கே வெயில் தாங்காது என்பதும் உண்டு. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை வரம்பு 35 டிகிரி வரைதான். டேஷ்போர்டில் வெயில் படும்படி வைத்த போன் சூடேறி அணைந்துபோவது சாதாரணம். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். அதிலும் சார்ஜ் வேகமாகக் குறையும்.

உடம்புக்கு என்ன ஆகிறது?

சென்னை வெயிலில் பழகியவர்களுக்கு ஒரு தவறான தைரியம் வரும். "நாம பார்க்காத வெயிலா?" என்று. ஆனால் சென்னையில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறது, சட்டை ஒட்டுகிறது, தாகம் தெரிகிறது. பாலைவனத்தில் காற்று காய்ந்து கிடப்பதால் வியர்வை வந்த நொடியே ஆவியாகிவிடும். தோல் உலர்ந்தே இருக்கும். "நமக்கு வியர்க்கவே இல்லையே" என்று தோன்றும். உள்ளே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட தண்ணீர் போய்க்கொண்டிருக்கலாம்.

உடலின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது ஹீட் ஸ்ட்ரோக், உயிருக்கே ஆபத்து. அதற்கு முன்பே மூளை தடுமாற ஆரம்பித்துவிடும். முடிவெடுக்கும் திறன் குறைகிறது. சரியாக யோசிக்க வேண்டிய நேரத்தில் யோசிக்க முடியாமல் போவதுதான் இதில் கொடுமை. அதனால் முக்கியமான முடிவுகளை வீட்டிலேயே எடுத்து எழுதி வைத்துவிட வேண்டும், பாலைவனத்துக்குப் போய் எடுக்கக் கூடாது.

தரையின் சூடு தனிக் கதை. 1972இல் ஃபர்னஸ் க்ரீக்கில் தரை வெப்பம் 93.9 டிகிரி பதிவானது. தண்ணீர் கொதிப்பதற்குச் சற்றுக் கீழே! 2024 ஜூலையில் பெல்ஜியம் நாட்டுப் பயணி ஒருவர் மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் வெறுங்காலோடு நடந்தார். இரண்டு பாதங்களிலும் மூன்றாம் நிலைத் தீக்காயம்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்? ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் என்பது பூங்கா நிர்வாகத்தின் கணக்கு. வெயிலில் நடந்தால் இன்னும் அதிகம். இது குடிப்பதற்கு மட்டும். வண்டி நின்றால் என்ன செய்வது என்று யோசித்து, கூடுதலாக இரண்டு மூன்று நாள் தண்ணீர் டிக்கியில் இருக்க வேண்டும்.

மாட்டிக்கொண்டவர்கள் செய்யும் ஒரு தவறு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமிப்பது. பாட்டிலில் இருக்கும் தண்ணீர் உங்களைக் காப்பாற்றாது, வயிற்றில் இருப்பதுதான் காப்பாற்றும். சேமிக்க வேண்டியது வியர்வையை. நிழலில் உட்காருங்கள், பகலில் அசையாதீர்கள், உடலை மூடும் தளர்வான துணி போடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்புச் சத்து குறையும் என்பதால் உப்புள்ள தின்பண்டமும் வேண்டும். ஒரு மிக்சர் பாக்கெட்டும் ஓஆர்எஸ் பொட்டலமும் போதும்.

வண்டியை விட்டுப் போகாதே என்று ஏன் சொல்கிறார்கள்?

மேலே பார்த்த நான்கு சம்பவங்களில் மூன்றில் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: வண்டியை விட்டு நடந்தார்கள். மேலிருந்து பார்க்கும் ஹெலிகாப்டருக்கு வண்டி தெரியும், நடக்கும் மனிதர் தெரிய மாட்டார். வண்டிக்கு நிழல் உண்டு, ஹாரன் உண்டு, கண்ணாடி உண்டு. கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில் பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரியும். நடந்தால் தண்ணீர்ச் செலவு பல மடங்கு ஏறும்.

ஆனால் ரப் அல் காலி சம்பவத்தைத் திரும்பப் பாருங்கள். அந்த இருவரின் உடல்களும் வண்டிக்குப் பக்கத்திலேயேதான் கிடைத்தன. வண்டியோடு இருந்தும் பிழைக்கவில்லை. 2009 சம்பவத்தில் அந்தச் சிறுவனும் அப்படித்தான்.

அதாவது, வண்டியோடு இருப்பது பாதி விதிதான். யாரோ தேடி வருகிறார்கள் என்றால்தான் காத்திருப்பதற்கு அர்த்தம். வருகிறவர் வரும் வரை தண்ணீர் தாங்க வேண்டும். தேடல் எப்போது தொடங்கும்? நீங்கள் மாட்டிக்கொண்டபோது அல்ல, நீங்கள் வரவில்லை என்று வேறொருவருக்கு உறைக்கும்போது. 1996இல் ஜெர்மானியர்களைத் தேடும் வேலை அங்கே சூடுபிடித்தது, மூன்று மாதம் கழித்து வேன் கண்ணில் பட்ட பிறகுதான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பாலைவனத்தில் ஓடும் கடிகாரங்கள் இரண்டு. ஒன்று உங்கள் உடம்பில் ஓடுகிறது, நாட்கணக்கில்கூட இல்லை, கோடையில் மணிக்கணக்கில். இன்னொன்று ஊரில் இருப்பவரின் கையில் இருக்கிறது. அந்த இரண்டாவது கடிகாரத்தை ஓட விடாமலே கிளம்புவதுதான் பெரிய தவறு.

சாட்டிலைட் எஸ்ஓஎஸ் வந்துவிட்டதே, அது போதாதா?

2022 நவம்பரில் ஐபோன் 14 வழியாக, டவர் இல்லாத இடத்திலும் சாட்டிலைட் மூலம் உதவி கேட்கும் வசதி வந்தது. முதலில் அமெரிக்கா, கனடா, பிறகு இன்னும் சில நாடுகள். கார்மின் இன்ரீச் போன்ற தனிக் கருவிகள் அதற்கும் முன்பே உண்டு. இவை நிஜமாகவே பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. தனியாகவோ ஒற்றை வண்டியிலோ போகிறவர்கள் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும்.

ஆனால் மூன்று சிக்கல்கள். ஒன்று, வானம் திறந்து தெரிய வேண்டும். ஒடுக்கமான பள்ளத்தாக்கில் செய்தி போகத் தாமதமாகலாம். இரண்டு, எல்லா நாட்டிலும் இந்த வசதி கிடையாது. போகும் நாட்டில் உண்டா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, பலர் யோசிக்காதது. செய்தி போய்ச் சேர்ந்தாலும் உதவி உடனே வராது. காற்று சூடாகச் சூடாக அடர்த்தி குறையும், ஹெலிகாப்டரின் விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது. 49 டிகிரிக்கு மேல் போனால் அவசர மருத்துவ ஹெலிகாப்டர்கள் பொதுவாகப் பறக்க முடியாது என்கிறது டெத் வேலி நிர்வாகம். 2024 ஜூலை 6 அன்று பேட்வாட்டர் அருகே பைக்கில் வந்த ஒருவர் இறந்தபோது வெப்பம் 53.3 டிகிரி. வெயில் காரணமாக ஹெலிகாப்டர் வர முடியவில்லை. பாதம் வெந்த பெல்ஜியம் பயணியையும் முதலில் சாலை வழியாக உயரமான, சற்றுக் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் ஹெலிகாப்டரில் ஏற்ற முடிந்தது. உதவி அதிகம் தேவைப்படும் நேரமும், உதவி வர முடியாத நேரமும் ஒன்றுதான்.

இந்தியாவில் என்ன நிலை?

தார் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். துராயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கார்மின் இன்ரீச்சோடு வந்த கனடா நாட்டுப் பயணி பிடிபட்டது செய்தியானது. துபாயிலோ அமெரிக்காவிலோ வாங்கிய கருவியை "சும்மா பாதுகாப்புக்குத்தானே" என்று பையில் போட்டுக்கொண்டு வந்தால் சிக்கல்.

பாதுகாப்புக் காரணங்கள் புரிகின்றன. ஆனால் இதன் விளைவு, இங்கே பாலைவனத்தில் போகும் சாதாரண ஆளுக்குக் கருவி வழி இல்லை, மனித வழிதான் என்பது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. எல்லையோரப் பகுதிகளுக்குத் தனி அனுமதி தேவை. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் சாலையை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

சரி, போகவே கூடாதா?

தாராளமாகப் போகலாம். அந்த வானமும் அந்த அமைதியும் வேறெங்கும் கிடைக்காது. எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி. நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். டெத் வேலியில் கோடையில் போக நேர்ந்தால் காலை 10 மணிக்கு மேல் தாழ்வான இடங்களில் நடக்காதீர்கள், தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். வேகமும் வேண்டாம். அங்கே அதிகம் பேர் இறப்பது வெயிலில் அல்ல, கார் தானே கட்டுப்பாடு இழந்து நடக்கும் விபத்துகளில்தான். வறண்ட ஓடையில் டென்ட் போடாதீர்கள். 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் பெய்த சுமார் 37 மில்லிமீட்டர் மழை, அங்கே ஏறக்குறைய ஆயிரம் பேரை வெளியேற முடியாமல் செய்தது. நமக்கு அது ஒரு சாயங்கால மழை.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* வீட்டில் அல்லது ரூமில் இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள்: எந்தப் பாதை, எந்த வண்டி, நம்பர் என்ன, எத்தனை பேர், எப்போது திரும்புவோம்.
* ஒரு கெடு நேரம் வையுங்கள். "ஞாயிறு இரவு 9 மணிக்குள் மெசேஜ் வரவில்லை என்றால் இந்த நம்பருக்கு அழை" என்று போலீஸ் அல்லது பூங்கா அலுவலக எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.
* சொன்ன பாதையை நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால், சிக்னல் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.
* சாலையை விட்டு இறங்குவதானால் இரண்டு வண்டிகளாகப் போங்கள். வாடகை காரின் டயர் கல் பாதைக்கு ஆனது அல்ல. மணலில் போக டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பார்கள். திரும்ப நிரப்ப கம்ப்ரசர் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.
* ஆஃப்லைன் மேப், காகித வரைபடம், பவர் பேங்க் மூன்றும் வேண்டும். போனை ஏரோபிளேன் மோடில், நிழலில் வையுங்கள்.
* டேங்கில் பாதி தீர்ந்தால் திரும்புங்கள். பாதை சந்தேகமாக இருந்தாலும் வந்த வழியே திரும்புங்கள். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்பதில்தான் பல கதைகள் முடிந்திருக்கின்றன.
* மாட்டிக்கொண்டால் வண்டியோடு இருங்கள். பேனட்டைத் தூக்கி வையுங்கள், தண்ணீரைக் குடியுங்கள், பகலில் அசையாதீர்கள்.

இந்தப் பட்டியலில் காசு செலவே இல்லாதது முதல் இரண்டும்தான். பலர் செய்யாமல் விடுவதும் அவற்றைத்தான். அறையில் தனியாக இருப்பவர்கள், வீட்டில் சொன்னால் கவலைப்படுவார்கள் என்று மறைப்பவர்கள், கம்பெனி வேலையாகப் போவதால் "அவங்களுக்குத் தெரியும்" என்று நினைப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். வேலைக்கு அனுப்புகிற நிறுவனம் என்றால், ஆள் எந்நேரத்துக்குள் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் யார் எங்கே அழைப்பது என்பதை எழுதி வைத்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. பாலைவன வேலைக்குப் போகிறவர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

இந்தச் செக்லிஸ்ட்டை யாருக்காவது ஃபார்வர்டு செய்வதாக இருந்தால், பயணம் போகிறவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஞாயிறு இரவு 9 மணிக்குப் போனைப் பார்த்து "இன்னும் மெசேஜ் வரலையே" என்று எழுந்து உட்காரப்போகிறவருக்கும் அனுப்புங்கள்.